யாரும் குந்தாத பெஞ்சு

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு காரியம் ஏன் நடந்தது என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பக்கத்து வீட்டு ஜெயம்மாள் சந்தைக்குப் போய் ஏன் வெறுங்கூடையோடு வந்தாள், கரும்பு ஏற்றிய டிராக்டர் ஏன் நடுரோட்டில் நிற்கிறது, எல்லாம் எனக்குத் தெரிந்தாக வேண்டும். என் வீட்டுக்காரர் இருசப்பன் இதனாலேயே எனக்குப் போலீஸ் ஸ்டேஷன் என்று பேர் வைத்திருக்கிறார். தங்கமணி என்று பெற்றவர்கள் வைத்த பேர் ரேஷன் கார்டில்தான் இருக்கிறது.

மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் அவருக்குப் பருவ வேலை. கரும்பு அரைக்கிற மாதங்களில் மூச்சு விட நேரம் இருக்காது. ஆலை நின்றுவிட்டால் கூலி வேலைதான், அதுவும் தினம் கிடைக்காது. வேலை இல்லாத நாளில் மனுஷன் பழைய சாமான்களோடு உட்கார்ந்துவிடுவார். யாரோ தூக்கிப் போட்ட தையல் மெஷினின் இரும்புக் கால்மேல் பலகையை ஏற்றி மேசையாக்குவார். எரியாத பெட்ரோமாக்ஸ் லைட்டுக்குள் பல்பை வைத்துத் தொங்கவிடுவார். டிராக்டர் டயரில் கயிறு பின்னி முக்காலி செய்வார். யாராவது கேட்டால் விற்பார். கேட்காவிட்டால் அந்தச் சாமான் எங்கள் வீட்டிலேயே குடியேறிவிடும்.

"வூடாய்யா இது? காயலாங்கடகூட இதவிட சுத்தமா இருக்கும்" என்று ஒருநாள் கத்தினேன்.

"இருக்காதா பின்ன? அங்க இருந்ததெல்லாம்தான் இங்க வந்துட்டுதே" என்றார் அவர். வெளியாட்கள் முன்னால் நான் அவரை அவர் என்பேன், வீட்டுக்குள் யோவ்தான்.

கத்தினாலும் எனக்கு அந்த வேலை பிடிக்கும். அவர் செய்து முடித்ததைப் பார்த்துக்கொண்டே டீ குடிக்கிற முகம் பிடிக்கும். அதைவிட, அந்த வேலை அவரை வீட்டில் வைத்திருந்தது. போன வருஷம் ஆலை நின்றதும் அவர் பெங்களூருக்கு சென்ட்ரிங் வேலைக்குப் போனார். எங்கள் பக்கம் பாதி ஆம்பளைகள் அப்படித்தான் போகிறார்கள். திரும்பி வந்தபோது எங்கள் பெண் காசியம்மாள் என் சேலைக்குள் ஒளிந்துகொண்டு, "யாரும்மா இது?" என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே கொல்லைப்பக்கம் போனார். நெடுநேரம் ஆகியும் வரவில்லை. போய்ப் பார்த்தால் குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார். இந்த மனுஷன் இனிமேல் போகவே கூடாது என்று அன்றைக்கே நான் மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

இந்த வருஷம் அதற்கு ஒரு வழி தானாகவே வந்தது. ஆலைப் பக்கம் பல் முகாம் நடத்த வந்த ஒரு டாக்டரம்மா, டீக்கடையில் எங்கள் தையல் மெஷின் மேசையைப் பார்த்திருக்கிறார். யார் செய்தது என்று விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். கள்ளக்குறிச்சியில் புதிதாக ஆஸ்பத்திரி திறந்திருக்கிறாராம். அடுத்து சங்கராபுரத்திலும் சின்னசேலத்திலும் திறக்கப் போகிறாராம்.

"வர்றவங்க காத்திருக்கறதுக்கு ஒரு பெஞ்சு வேணும்ண்ணா. பழைய மரத்துல, பாத்தா ஒரு தடவ தொட்டுப் பாக்கணும்னு தோணணும். அது நல்லா அமைஞ்சிட்டா, மத்த ரெண்டு எடத்துக்கும் எல்லாச் சாமானும் நீங்கதான் செஞ்சு தரணும்" என்றார்.

இரண்டு ஆஸ்பத்திரிக்குச் சாமான் என்றால் அடுத்த அரவை வரைக்கும் வேலை இருக்கும், பெங்களூர் பேச்சே வேண்டாம். நான் டாக்டரம்மாவுக்கு இரண்டாவது டம்ளர் டீயும் போட்டுக் கொடுத்தேன்.

மலையடிவாரத்தில் கச்சிராயபாளையம் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீட்டை இடித்துப் போட்டிருந்தார்கள். அந்தக் குவியலிலிருந்து ஒரு பலகையை அவர் பொறுக்கிக்கொண்டு வந்தார். கல்வராயன் மலையில் எந்தக் காலத்திலோ வெட்டிய வேங்கை. இரண்டு பேர் பிடித்தால்தான் நகரும். மேலெல்லாம் சுண்ணாம்பும் கரியும் அப்பிக் கிடந்தது. கண்ணாடிச் சில்லால் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எண்ணெய் பூசினார். உள்ளிருந்து தேன் நிறத்தில் மரம் எழுந்து வந்தது. நடுவில் ஒரு தாமரைப்பூ செதுக்கியிருந்தது. இரண்டு முனையிலும் வட்டமாக ஒவ்வொரு குழி.

"இந்தக் குழி எதுக்குய்யா?" என்று கேட்டேன்.

"எதுக்கோ இருந்துட்டுப் போவட்டும். அழகா இருக்குதில்ல?"

பழைய கட்டில் கால்களைச் செதுக்கி, மர ஆப்பு அடித்துப் பொருத்தினார். ஒரு ஆணி கிடையாது. குட்டி யானை வண்டியில் ஏற்றி கள்ளக்குறிச்சிக்கு அனுப்பும்போது தெருவே நின்று பார்த்தது. டாக்டரம்மாவும் போன் செய்து, கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று புகழ்ந்தார்.

அந்த வாரக் கடைசியில் மறுபடியும் போன் வந்தது. என் வீட்டுக்காரர் முகம் சுருங்கியதைப் பார்த்து, போனைப் பிடுங்கி நானும் காதில் வைத்தேன்.

"பெஞ்சுல ஒரு குறையும் இல்ல. ஆனா யாருமே உட்கார மாட்டேங்கறாங்க" என்றார் டாக்டரம்மா. "எல்லாரும் நிக்கறாங்க. ஏன்னும் தெரியல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பல்வலியோடு வருகிறவன் நிற்பானா? கள்ளக்குறிச்சிக்காரர்களுக்குக் கால் வலிக்காதா?

அவர் கிளம்பிப் போனார். பெஞ்சைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாராம், ஆடவில்லை. உயரம் ஜாஸ்தியோ என்று காலைக் கொஞ்சம் அறுத்தார். ஓரம் குத்துமோ என்று மறுபடி தேய்த்து உருட்டினார். ஒன்றும் பலிக்கவில்லை. "இனி பிளாஸ்டிக் சேர் போட்டுக்கறேன், பெஞ்ச எடுத்துட்டுப் போயிடுங்க" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மற்ற இரண்டு இடத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. அன்று சாயங்காலம் அவர் பெங்களூருக்கு ஆள் கூட்டிப் போகிற மேஸ்திரி சின்னதுரைக்கு போன் போட்டு, நானும் வரேன் என்று சொன்னது என் காதில் விழுந்தது.

"போனா போ" என்றேன். "இந்த ஓட்ட ஒடசலையெல்லாம் ஏறக்கட்டிட்டுப் போ. வந்து போறவனுங்க இதெல்லாம் இன்னா குப்பைன்னு என்னத்தான் கேக்கறானுங்க."

அவர் பையில் துணியை மடித்து வைத்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அதற்கு நடுவிலும் இந்தக் கேள்வி விடவில்லை. ஏன் ஒருத்தரும் உட்காரவில்லை?

கிளம்புகிற அன்று காசியம்மாளை ஜெயம்மாளிடம் விட்டுவிட்டு நானும் அதே பஸ்ஸில் ஏறினேன். அவர் சின்னசேலம் போய், அங்கே மேஸ்திரி கூட்டத்தோடு சேலம் ரயிலைப் பிடிக்க வேண்டும். நான் கள்ளக்குறிச்சியில் இறங்கிப் பெஞ்சை வண்டியில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும்.

"கெடச்ச வெலைக்கு யார்கிட்டயாவது தள்ளி வுட்டுடு" என்றார்.

"நேரத்துக்குத் துன்னு. துணி தொவைக்கலன்னா நாறிப் போயிடுவ" என்றேன். இறங்கித் திரும்பிப் பார்த்தேன். அவர் மடியில் இருந்த பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்தான். பெஞ்சு சுவரோரமாக ஜம்மென்று இருந்தது. நான் உடனே எடுக்கவில்லை. ஒரு மூலையில் நின்று வேடிக்கை பார்த்தேன்.

டாக்டரம்மா சொன்னது நிஜம்தான். கன்னம் வீங்கிய ஒரு ஆள் வந்தார். பெஞ்சை நோக்கி நேராக நடந்தார், பக்கத்தில் போனதும் குனிந்து பார்த்தார், தாமரைப்பூவை விரலால் தடவினார், பிறகு நகர்ந்து தூணில் சாய்ந்துகொண்டார். அடுத்து வந்த பெண் பெஞ்சைச் சுற்றிக்கொண்டு போய்த் தரையில் உட்கார்ந்தாள். தரையில்! மற்றவர்கள் எல்லாம் டாக்டரம்மா அறைக் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தபடி நின்றார்கள்.

உள்ளேயிருந்து டாக்டரம்மா குரல் வந்தது. "வாசல்ல நிக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? இங்க ஒருத்தர் வாயப் பொளந்துக்கிட்டு இருக்காரு, அத ஊரே எட்டிப் பாக்குது. கூப்பிட்டா வாங்க!"

எல்லாரும் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்கள். டாக்டரம்மா திரும்பியதும் இரண்டு அடி முன்னால் வந்தார்கள்.

என்னால் தாங்க முடியவில்லை. தூணில் சாய்ந்திருந்தவரிடம் போனேன். "ஏங்க, பெஞ்சு காலியா இருக்குதே, குந்தலாமில்ல?"

"குந்திக் குந்தி இடுப்பு வலிம்மா" என்றார்.

தரையில் இருந்த பெண்ணைக் கேட்டேன். "எண்ண போட்டிருக்குது, சேலையில ஒட்டிக்கும்" என்றாள். நான் கையை வைத்துத் தேய்த்துக் காட்டினேன், ஒட்டவில்லை. "ஆனா தரதான் ஜில்லுன்னு இருக்குது" என்றாள். பெரியம்மாள் என்று ஒரு கிழவி, பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தவள், "பெரிய மனுஷாளு குந்தறதும்மா அது" என்றாள். ஆளுக்கொரு சாக்கு. ஒன்றுகூட நிஜமில்லை என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது.

"இன்னாதான்யா உங்களுக்கெல்லாம் கேடு? என் வூட்டுக்காரு கை வலிக்க வலிக்கத் தேச்சது இது. நீங்க குந்தாததனால அந்த மனுஷன் இப்ப ஊர வுட்டுப் போய்க்கினு இருக்காரு! இதோ, நான் குந்தறேன் பாருங்க. பூதமா புடிச்சுக்கும்?"

சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பெஞ்சுக்கு முதுகைக் காட்டினேன். இடுப்பு வளைந்தது, முழங்கால் மடங்கியது. அதற்குமேல் உடம்பு இறங்கவில்லை.

சத்தியமாகச் சொல்கிறேன், உட்கார வேண்டும் என்றுதான் போனேன். யாரோ பின்னாலிருந்து தாங்கிப் பிடித்த மாதிரி பாதியில் நின்றேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் மெல்ல நிமிர்ந்து, திரும்பி, பலகையைப் பார்த்தேன். நடுவில் தாமரை. இதழ் இடுக்கில் அவர் எத்தனை தேய்த்தும் போகாத ஒரு மஞ்சள். நகத்தால் கீறி மோந்தேன். மஞ்சளேதான். முனையில் இருந்த குழிக்குள் விரலை விட்டேன். பழைய காலக் கதவுக்குக் கீல் கிடையாது, குடுமிதான். அந்தக் குடுமி நின்று சுழல்கிற குழி இது.

"அடிப் பாவி மகளே" என்று என்னையே திட்டிக்கொண்டேன். இது வாசப்படி!

யாரோ ஒரு குடும்பம் வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கோலம் போட்ட வாசப்படி. அதற்குக் கால் வைத்துப் பெஞ்சாக்கி, குந்து குந்து என்றால் யார் குந்துவார்கள்? சின்ன வயசில் வாசப்படியில் உட்கார்ந்ததற்காக, லட்சுமி வர்ற எடம்டி, எந்திரி என்று அடி வாங்காத முதுகு இந்த ஜில்லாவில் உண்டா? அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. இந்தப் பெஞ்சு எங்கள் வீட்டில் எத்தனை நாள் கிடந்தது! நானும் உட்காரவில்லை, அவரும் உட்காரவில்லை. அதற்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துதான் நான் வெங்காயம் உரித்தேன். எங்கள் உடம்புக்குத் தெரிந்தது எங்கள் மண்டைக்குத் தெரியவில்லை.

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. "வாசப்படின்னு வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா உங்களுக்கு?" என்றேன்.

"புதுசா ஆஸ்பத்திரி தொறந்திருக்காங்க, அபசகுனமா எதுக்கு சொல்றதுன்னு இருந்தோம்மா" என்றாள் பெரியம்மாள். "வாசப்படி மேல எப்படிக் குந்தறது?" கன்னம் வீங்கியவர் சிரிக்க முடியாமல் தாடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சத்தம் கேட்டு டாக்டரம்மா கையுறையோடு வெளியே வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் பெஞ்சைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். "அதான் நானும் பையக்கூட அதுமேல வைக்கல" என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஜனம் மறுபடி அவர் அறைக் கதவை அடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. எனக்கு அங்கேதான் பொறி தட்டியது.

"டாக்டரம்மா, இதத் திருப்பி எடுத்துக்கினு போவ மாட்டேன். கால கழட்டிட்டு உங்க ரூம்பு கதவுக்கு முன்னால தரையில போட்டுப் பாருங்க. வாசப்படின்னு தெரிஞ்சா யாரும் அதுமேல நிக்க மாட்டாங்க. நீங்க கூப்பிடாம தாண்டவும் மாட்டாங்க."

டாக்டரம்மா யோசித்தார். "போட்டுப் பாக்கலாம். ஆனா யார் கழட்டறது? ஆணியே இல்லையே. அண்ணன் எங்க?"

நான் வெளியே ஓடி வந்து போன் போட்டேன். நெடுநேரம் அடித்த பிறகு எடுத்தார். பின்னால் ஒரே இரைச்சல்.

"யோவ், எங்கய்யா இருக்க?"

"டேசன்ல. வண்டி வருதுன்னு சொல்லிட்டாங்க. பெஞ்ச ஏத்திட்டியா?"

"அது பெஞ்சு இல்லய்யா, வாசப்படி! அதான் ஒருத்தரும் குந்தல. தரையில போடச் சொல்லியிருக்கேன். நீ வந்து ஆப்ப எடுத்துக் குடு."

"வாசப்படியா... அட, ஆமா" என்றார். "சரி, மத்த ரெண்டு ஆஸ்பத்திரிக்கும் ஆர்டர் குடுக்கறாங்களா?"

"அதெல்லாம் இன்னும் சொல்லல."

"ஒரு பலகைய தரையில போடறதுக்கு நான் ரயில வுட்டுட்டு வரணுமா? மேஸ்திரி கூப்பிடறாரு. இவரும் என்ன வுட்டுட்டுப் போயிட்டாருன்னா இந்த வருஷம் வேலயே இல்லாம போயிடும். எந்த ஆசாரியையாவது கூப்பிட்டுக்கோ."

அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்குச் சொல்ல ஒரு நியாயமும் இல்லை. ரயில் ஊதுகிற சத்தம் போனிலேயே கேட்டது.

"போகாதய்யா" என்றேன்.

"இன்னா?"

"போகாத. பலகைக்காகக் கூப்பிடல. ஆர்டர் வந்தாலும் வரலைனாலும் போகாத. நீ இல்லாம என்னால முடியல. போகாதய்யா." திரும்பிப் பார்த்தால் பெரியம்மாள், கன்னம் வீங்கியவர் என்று மொத்த ஆஸ்பத்திரியும் வாசலுக்கு வந்து நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமாக இல்லை. போனில் ஒரே இரைச்சல், பிறகு ஒன்றும் இல்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை.

பெரியம்மாள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தரையில் உட்கார வைத்தாள். பேத்திக்குப் பல்லைப் பிடுங்கி முடித்தும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. கன்னம் வீங்கியவரும் தன் முறையை விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தார். என் வீட்டுக்காரர் வருகிறாரா இல்லையா என்று தெரியாமல் அவர்களுக்கும் போக மனசில்லை போலிருக்கிறது.

டாக்டரம்மா சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்த நேரம், தோளில் பையோடு அவர் படியேறி வந்தார். என்னைப் பார்க்கவில்லை. "எங்கம்மா போடணும்?" என்று டாக்டரம்மாவைத்தான் கேட்டார். ஆப்புகளைத் தட்டி எடுத்தார், கால்கள் கழன்றன. தாமரை மேலே தெரியும்படி பலகையை அறைக் கதவுக்கு முன்னால் கிடத்தினார். ஆடாமல் இருக்க அடியில் மரச் சக்கை வைத்தார்.

அந்தப் பக்கம் டாக்டரம்மா, இந்தப் பக்கம் நாங்கள். எல்லாரும் பலகையையே பார்த்தோம். அப்போதுதான் வெளியிலிருந்து ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி, "டாக்டரே, டாக்டரே" என்று கத்திக்கொண்டு நேராக உள்ளே பாய்ந்தாள். நடந்தது எதுவும் தெரியாதவள். பலகை காலருகில் வந்ததும் சட்டென்று நின்றாள். ஒரு காலைப் பின்னால் எடுத்தாள். தலையை மட்டும் நீட்டி, "வரலாமாம்மா?" என்று கேட்டாள்.

டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "வாம்மா, வா." அவள் குனிந்து தாமரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள். கன்னம் வீங்கியவர் கைதட்டினார்.

நாங்கள் கிளம்பும்போது டாக்டரம்மா வெளியே வந்தார். "சங்கராபுரத்துக்கு ஒண்ணு, சின்னசேலத்துக்கு ஒண்ணு, இதே மாதிரி வேணும்ண்ணா. மேச, அலமாரி, உட்கார பெஞ்சு எல்லாம் நீங்கதான் செய்யணும். பெஞ்சு மட்டும் வேற பலகைல பண்ணுங்க, புண்ணியமாப் போகும்" என்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. சங்கராபுரம் தாண்டுகிற வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குமேல் முடியவில்லை.

"ரயிலு வரலியா?"

"வந்துச்சே."

"நீ ஏறலயா?"

"ஏறினேன். ஜன்னல் ஓரத்துல எடங்கூட கெடச்சிது."

"அப்பறம் ஏன்யா எறங்கின? ஆர்டர் கெடைக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"ஆர்டர யாரு கண்டாங்க?" அவர் ஜன்னலுக்கு வெளியே கரும்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கண்ணாலம் ஆன நாள்லேருந்து போனா போ, போனா போன்னுதான் சொல்லிக்கினு இருந்த. எனக்கும் அப்படித்தான் தோணிப் போச்சு, இவளுக்கு நம்ம தேவையில்லன்னு. இன்னிக்குத்தான் போகாதன்னு சொன்ன."

அவர் மடியில் இருந்த பையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"போன வருசமே இதச் சொல்லியிருந்தா, போன வருசமே போயிருக்க மாட்டேன்டி" என்றார்.